மார்கழியில் இரண்டு கிறிஸ்துமஸ்

நெல்லிமேட்டில் சாமை அறுப்பு முடிகிற சமயத்தில் ரஞ்சிதத்தின் மில்லுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜமுனாமரத்தூரிலிருந்து வருகிற ரோடு ஊருக்குள் திரும்பும் இடத்தில், ஒரு பக்கம் சாமை குத்துகிற மிஷினும் மறுபக்கம் மாவு அரைக்கிற மிஷினுமாக அந்த மில் இருந்தது. சுற்றியிருந்த எட்டு ஊர் ஜனமும் பாறைமேல் அடித்துத் தூற்றிய சாமையைத் தலைச்சுமையாகவும் மினி வேனிலும் கொண்டுவந்து வாசலில் இறக்கும். தலைமுதல் கால்வரை உமித்தூசி அப்பிக்கொண்டு ரஞ்சிதம் நடுவில் நிற்பாள். மோட்டார், பெல்ட், சல்லடை எல்லாம் அவள் புருஷன் ராஜாக்கண்ணுவின் பொறுப்பு. ஒரே மகள் செவ்வந்தி வேலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அவள் போனபின் சும்மா கிடந்த மாடியில்தான் எத்தியோப்பியாக்காரர்கள் குடியிருந்தார்கள்.

முதலில் வந்தது யாரெட் மட்டும். அவர் தன் நாட்டில் விவசாயக் கல்லூரியில் வேலை பார்த்தவர். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மலைச் சாமை ரகங்களைப் பற்றி மூன்று வருஷ ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். ஆனி மாதத்திலிருந்து மானாவாரி நிலங்களில் கொல்லை கொல்லையாக நடந்து, சிட்டஞ்சாமை எவ்வளவு உயரம், பெருஞ்சாமைக் கதிரில் எத்தனை மணி என்று எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு 'சாமை சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. கொல்லையில் வேலை செய்கிறவர்களிடமும் டீக்கடை ஹனீஃபா பாயிடமும் பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசி நடுவில் அவருடைய மனைவி செனாயித்தும் இரண்டு பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். பெண் பெத்தேலுக்கு ஆறு வயது. பையன் நாத்திக்கு மூன்று. செனாயித் என்ற பெயர் ரஞ்சிதத்தின் வாயில் இரண்டு நாளில் சேனாம்மா ஆனது.

சேனாம்மா அதிகம் வெளியே வரமாட்டாள். காலையில் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். ரஞ்சிதத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, "அக்கா" என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மத்தியானத்துக்குமேல் மாடியிலிருந்து பச்சைக் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை இறங்கும். அந்தக் காப்பியை ஒரு நாள் ரஞ்சிதத்துக்கும் கொடுத்தாள். பால் இல்லை, மசி போலக் கறுப்பு. ரஞ்சிதம் மரியாதைக்கு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அன்றைக்குப் பூராவும் படபடப்போடு மில் ஓட்டினாள்.

பெத்தேலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். மூன்றே வாரம்தான் போனாள். சுருட்டை முடியைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை இல்லை. ஒருத்தி விரலை எச்சில் பண்ணி அவள் கையைத் தேய்த்து, கறுப்பு போகிறதா என்று பார்த்தாளாம். அடுத்த நாள் பெத்தேல் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்புறம் அவள் பொழுதெல்லாம் மில்லில்தான் கழிந்தது. காலியான கோணிப்பை மேல் உட்கார்ந்துகொண்டு வருகிற போகிறவர்களின் வாயைப் பார்ப்பாள். ஒரு மாதத்தில், "யோவ், அந்தண்ட இறக்கு" என்று மூட்டைக்காரர்களுக்கு உத்தரவு போடும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. அதைக் கேட்டு யாரெட் சிரித்தார். சேனாம்மா சிரிக்கவில்லை. மகள் படிப்பை விட்டு மாவு மில்லில் வளர்கிறாள் என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறேன், நீங்கள் முடித்துவிட்டு வாருங்கள் என்று அவள் கேட்பதாக யாரெட் ஹனீஃபா பாயிடம் சொல்ல, அது பாய் மூலம் ரஞ்சிதத்தின் காதுக்கும் வந்தது.

கார்த்திகை ஒன்றாம் தேதி ராஜாக்கண்ணு சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டினார். அதிலிருந்து வீட்டில் கறி, முட்டை கிடையாது. ரஞ்சிதம் விடியுமுன் குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பாள். புருஷனை 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள்.

அதே மாதம் புயல் மழை ஒரு வாரம் கொட்டி ஓய்ந்து, பின்னாலேயே குளிர் வந்தது. பத்து மணிவரை எதிர்வீடு தெரியாத பனி. அந்த நாட்களில்தான் சேனாம்மா மெலிந்துகொண்டே போவதை ரஞ்சிதம் கவனித்தாள். கன்னத்து எலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. காலையில் அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் அடுப்பு எரிந்தது. ரஞ்சிதம் தன் மாட்டில் கறந்த பாலைக் கொடுத்தால், அது முழுக்கப் பிள்ளைகளுக்குப் போனது. வெண்ணெய் கொடுத்தாலும் அப்படித்தான். ஒரு நாள் பதினொரு மணிவாக்கில் தண்ணீர்க் குடத்தோடு படியேறியவள் பாதியில் கண்ணிருட்டி உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டது. ரஞ்சிதம் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். கை குச்சிபோல இருந்தது.

அன்றைக்கு யாரெட்டைக் கேட்டாள். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "பால் இப்ப வேணாம். முட்டை வேணாம். ஜனவரி ஓகே" என்றார். வயிற்றுக்கோளாறாக இருக்கும், டாக்டர் சொல்லியிருப்பார் என்று ராஜாக்கண்ணு சொன்னார். ரஞ்சிதம் ஒப்பவில்லை. தாய்க்காரி தன் பங்கையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறாள், வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவளுக்குப் பட்டது. செவ்வந்தி கைக்குழந்தையாக இருந்த பஞ்ச வருஷத்தில் அவளும் அப்படிக் கிடந்தவள்தான்.

அதனால் ஒரு காரியம் செய்தாள். சாமையை நொய்யாக உடைத்து, பூண்டும் வெந்தயமும் போட்டு, தேங்காய்ப் பால் ஊற்றிக் கஞ்சி காய்ச்சினாள். இறக்குமுன் அரைச் செம்பு பசும்பாலையும் சேர்த்து ஊற்றினாள். மாடிக்குக் கொண்டுபோனபோது சேனாம்மா தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "பால்?" என்று கேட்டாள்.

"தேங்காப் பாலு" என்றாள் ரஞ்சிதம். தேங்காய் மூடியையும் எடுத்துக் காட்டினாள்.

சேனாம்மா மத்தியானம் மூன்று மணிக்குமேல் அதைக் குடித்தாள். மறுநாள் வாளியைக் கழுவிக் கொண்டுவந்து, நெஞ்சில் கைவைத்துக் காட்டினாள். ரஞ்சிதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் காய்ச்சினாள். முகத்தில் கொஞ்சம் பளபளப்பு வந்த மாதிரிகூட அவளுக்குத் தோன்றியது.

டிசம்பர் இருபத்தைந்து நெருங்கியது. வேதக்காரக் குடும்பம், முதல் வருஷப் பண்டிகை, ஊர் தேசம் விட்டு வந்து யாருமில்லாமல் கொண்டாடக் கூடாது என்று ரஞ்சிதம் முடிவு செய்தாள். செங்கத்துக்குப் போன மினி வேன்காரரிடம் சொல்லி, பேக்கரியில் பெரிய கேக்கும் ஒரு காகித நட்சத்திரமும் வாங்கிவரச் செய்தாள். ராஜாக்கண்ணு மாடிக் கைப்பிடியில் நட்சத்திரத்தைக் கட்டி பல்பு போட்டுக் கொடுத்தார். ஹனீஃபா பாய் ஒரு தேக்சா பிரியாணி அனுப்பினார். காலை ஒன்பது மணிக்கு மில்லை நிறுத்திவிட்டு எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

கதவைத் திறந்த சேனாம்மா வழக்கமான பழைய உடையில் இருந்தாள். வீட்டில் பண்டிகையின் அடையாளம் ஒன்றுமில்லை. கேக்கைப் பார்த்தாள், நட்சத்திரத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்தது. பிள்ளைகள் கேக்கை ஆளுக்கொரு கை பிய்த்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

யாரெட் சங்கடத்தோடு ஃபோனில் காலண்டரைத் திறந்து காட்டினார். அவர்களுடைய திருச்சபைக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதிதான். அதற்கு முன்னால் நாற்பத்து மூன்று நாள். அந்த நாட்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் அவர் திண்டாடியிருக்கிறார். ரம்ஜானில் பகலெல்லாம் சாப்பிடாமல் இருப்பதற்கு என்ன பெயர் என்று அங்கேயே பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நோன்பு" என்றார். "பால் இல்ல, வெண்ணெய் இல்ல, கறி இல்ல, முட்டை இல்ல. மூணு மணி வரைக்கும் தண்ணி கூட இல்ல. சின்னப் பிள்ளைக்கு மட்டும் நோன்பு இல்ல."

பாய் தலையை ஆட்டிக்கொண்டு பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திரும்ப மூடினார். பிரியாணி கெடாது சார், பிள்ளைகள் தின்னட்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சிதம் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ராஜாக்கண்ணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளு ஊத்தின?"

"பதினோரு நாளு சாமி."

"அவங்க கேட்டாங்களா, பாலான்னு?"

"கேட்டாங்க. தேங்காப் பாலுன்னேன்."

ராஜாக்கண்ணு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். பிறகு தன் கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினார். "நான் மாலை போட்னு கீறேன். எவளோ ஒருத்தி, இளைச்சுப் போறான் பாவம்னு எங்கொழம்புல கறிச்சாறு ஊத்தியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"அவ வூட்டு வாசல்ல போய் நின்னு மானத்த வாங்கியிருப்பேன்."

"அப்புறம்?"

"எனக்கு இன்னா சாமி தெரியும்? நீ கறுப்பு கட்டிக்கினு கீற, பாத்தாலே தெரியுது. அந்தம்மா கழுத்துல ஒண்ணும் இல்லியே. மாலை போட்டுருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த வூட்டுப் பக்கம் பால் செம்ப எட்த்துனு போயிருப்பேனா?"

"சொன்னாங்களே. பால் வேணாம்னு சொன்னாங்களே. அதுக்கு மேல இன்னா சொல்லணும்?"

ரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இதைச் சொல்லாமலே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அவர்களும் நிம்மதியாக நோன்பை முடிப்பார்கள் என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் கிடந்த உமியைக் கையால் கூட்டிக் குவித்தாள். ராஜாக்கண்ணு வற்புறுத்தவில்லை. உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டப் போனார்.

மறுநாள் விடிந்ததும் ரஞ்சிதம் குளித்து, தலை ஈரத்தோடு மாடிப்படியின் கீழே போய் நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி வந்தார்கள்.

"சார், நான் ஒரு தப்புப் பண்ட்டேன். நான் குடுத்த கஞ்சில தேங்காப் பாலு மட்டும் இல்ல. மாட்டுப் பாலும் ஊத்தினேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

யாரெட்டுக்கு முதலில் புரியவில்லை. அவள் தொழுவத்து மாட்டைக் காட்டினாள், மாடியில் இருந்த தூக்குவாளியைக் காட்டினாள், பத்து விரலையும் அதன்மேல் ஒரு விரலையும் விரித்தாள். யாரெட்டின் முகம் மாறியது. மெதுவாக மனைவியிடம் தங்கள் பாஷையில் சொன்னார். சேனாம்மா ரஞ்சிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு அக்கா?" என்றாள். அந்த வார்த்தையை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

"நீ புள்ளைங்களுக்குக் குடுத்துட்டுப் பட்னி கெடக்கிறேன்னு நெனச்சுட்டேம்மா."

யாரெட் அதையும் சொன்னார். சேனாம்மா திரும்பிப் படியேறிப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

யாரெட் கோபப்படவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து, வார்த்தை தேடித் தேடிச் சொன்னார். இங்கே அவர்களுக்குக் கோயில் இல்லை, பூசை இல்லை, அவர்கள் பாட்டைப் பாட ஆள் இல்லை. மொழி இல்லை, அம்மா இல்லை. செனாயித் ஊரிலிருந்து குறையாமல் கொண்டுவந்தது இந்த நோன்பு ஒன்றுதான். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. ரஞ்சிதம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

தூக்குவாளி அன்று கழுவி மில் வாசலில் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் யாரெட் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை கொடுக்கப் புறப்பட்டார். ஒரு வார வேலை. போகும்போது ஹனீஃபா பாய் கடையில் டீ குடித்தபடி, மனைவியும் பிள்ளைகளும் ஜனவரி மூன்றாம் தேதி ஊருக்குப் போகிறார்கள், அவள் சரி என்று ஒரு வார்த்தை ஃபோனில் சொன்னதும் டிக்கெட் போடப் போகிறேன் என்றாராம். அவள் தாய் வீட்டில் பண்டிகை கொண்டாடட்டும். மாடியில் பெட்டிகளை இழுத்து வைக்கிற சத்தம் கீழே மில்லுக்குக் கேட்டது.

அந்த இரண்டு நாளும் ரஞ்சிதம் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு மூட்டைச் சாமையை இரண்டு தடவை குத்தி நொய்யாக்கி, மூட்டைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாலை போட்டுவிட்ட போளூர்க் குருசாமிக்கு ஃபோன் போடச் சொல்லிப் புருஷனை நச்சரித்தாள். தெரியாமல் சாப்பிட்டவருக்கு விரதம் முறியாது, அந்தப் பாவம் கொடுத்தவரைத்தான் சேரும் என்று குருசாமி சொன்னார். அதைக் கேட்டு அவளுக்குப் பாதி நிம்மதியும் பாதி பயமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகியதும் சேனாம்மா நாத்தியை வெள்ளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு, பெத்தேலைக் கையில் பிடித்தபடி ஆனைப்பாறைப் பக்கம் போனாள். ஊரில் ஃபோன் பேச டவர் நன்றாகக் கிடைக்கிற இடம் அந்தப் பாறைதான். மொச்சைக் கொல்லை ஓரமாக அவள் ஏறிப் போவதையும், மேலே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பதையும் ரஞ்சிதம் மில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பெத்தேல் அம்மாவின் கையை விட்டுவிட்டு மில்லுக்குள் ஓடிவந்து தன் கோணிப்பையில் உட்கார்ந்தாள். ரஞ்சிதம் மிஷினை நிறுத்தினாள்.

"அம்மா யார்கூடம்மா பேசுச்சு?"

"எங்க சாமியாரு. அங்க கீறாரு, எங்கூர்ல."

"இன்னா சொன்னாரு?"

பெத்தேல் யோசித்தாள். "நோன்பு ஒடையலியாம். தெரியாம குடிச்சா ஒடையாதாம். உங்க மேலதான் சாமி கோச்சிக்குமாம்."

மூலையில் சல்லடை தட்டிக்கொண்டிருந்த ராஜாக்கண்ணு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க குருசாமியும் அதேதாம்மா சொன்னாரு. ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி."

"அம்மா அழுவுதா?" என்றாள் ரஞ்சிதம்.

"இப்ப இல்ல. அங்க அழுதுச்சு."

ரஞ்சிதம் உமித்தூசியைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. பெத்தேல் முன்னால் ஏறிக் கதவைத் தள்ளினாள். உள்ளே இரண்டு பெட்டிகள் பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தன. சேனாம்மா தரையில் உட்கார்ந்து ஒரு காலி மாவுப் பையை மடித்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த தானியத்தின் பை அது. அது தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர்களுடைய தோசை அந்த மாவில்தான் ஆகும். அது இல்லாமல் ஒரு வேளை சாப்பாடே சாப்பாடாகாது என்று யாரெட் சொல்லியிருந்தார்.

ரஞ்சிதம் வாசற்படியைத் தாண்டவில்லை.

"சேனாம்மா, இனிமே உனுக்கு நான் ஒண்ணும் செஞ்சு எட்த்துனு வரமாட்டேன். நீ கீழ வா. மில்லுல கீற மூட்டையெல்லாம் தெறந்து காட்டறேன். உனுக்கு எது வேணுமோ நீயே அள்ளு, நீயே கழுவு, நீயே அரைச்சுக்கோ. மிஷின நான் கழுவி வச்சுட்டு எட்ட நிக்கிறேன். தொட மாட்டேன்."

பெத்தேல் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் தடுமாறி, கையால் அள்ளுவது போலவும் மிஷின் ஓடுவது போலவும் நடித்துக் காட்டினாள். சேனாம்மா கேட்டுவிட்டுப் பையை மடிப்பதைத் தொடர்ந்தாள்.

ஆனாலும் மறுநாள் காலை, மூட்டைக்காரர்கள் வருமுன், அவள் இறங்கி வந்தாள்.

ரஞ்சிதம் சொன்னபடி எட்ட நின்றாள். சேனாம்மா ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டுப் பார்த்தாள். சாமையை உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள், வாயில் போட்டு மென்றாள், உதட்டைப் பிதுக்கினாள். கம்பைப் பார்த்தாள். சுவரோரம் நான்காவதாக இருந்தது கேழ்வரகு மூட்டை. அதற்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கை அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டகுசா" என்றாள். திரும்ப, சத்தமாக, "டகுசா!" மகளைக் கூப்பிட்டு வேகவேகமாக என்னவோ சொன்னாள். அவ்வளவு பேசி ரஞ்சிதம் அவளைப் பார்த்ததே இல்லை.

அவர்கள் ஊரிலும் இது விளைகிறது, அம்மாவின் அப்பா கொல்லையில் இதைத்தான் போடுவார் என்று பெத்தேல் சொன்னாள்.

"இது எங்க கேவுருடி" என்றாள் ரஞ்சிதம்.

"எங்க டகுசா" என்றாள் பெத்தேல்.

அன்று சேனாம்மா கேழ்வரகு இரண்டு பங்கும் சாமை ஒரு பங்கும் கலந்து தானே அரைத்தாள். சுவிட்சை எந்தப் பக்கம் தட்டுவது, தகட்டை எவ்வளவு நெருக்குவது என்று ராஜாக்கண்ணு தூர நின்று விரலால் காட்டினார். மாவு மூக்கு, புருவமெல்லாம் அப்பியது. தண்ணீர் விட்டுக் கரைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். இரண்டு நாளாகியும் மாவு பொங்கவே இல்லை. மலைக் குளிரில் அது மண் கரைத்த மாதிரி அடியில் தங்கிவிட்டது. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து ரஞ்சிதத்தின் முன்னால் வைத்து, கையை விரித்தாள்.

தொடலாமா என்று ரஞ்சிதம் சைகையில் கேட்டாள். சேனாம்மா தலையசைத்தாள்.

மார்கழியில் இட்லி மாவு புளிக்கவைக்க அந்த மலையில் எல்லோரும் செய்கிற வேலைதான். மோட்டாருக்குப் பக்கத்தில் சாமை உமியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, பானையைக் கழுத்துவரை புதைத்து, மேலே இரண்டு கோணிப்பையைப் போர்த்தினாள். மிஷின் ஓட ஓட உமி சூடு பிடித்தது. அடுத்த நாள் மத்தியானம் கோணியை நீக்கியபோது புளித்த வாசனை குப்பென்று வந்தது. சேனாம்மா விரலால் தொட்டு நக்கினாள். தலையை ஆட்டினாள், இன்னும் இல்லை. இன்னும் இரண்டு நாள்.

அந்தச் சமயத்தில்தான் யாரெட் ஃபோனில் கேட்டார், டிக்கெட் போடட்டுமா என்று. சேனாம்மா பாறைமேல் நின்று பேசிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று ரஞ்சிதம் கேட்கவில்லை; கேட்கத் துணிவில்லை. ஆனால் பெத்தேல் தானாகவே சொன்னாள். மாவு இன்னும் புளிக்கவில்லை, இப்போது எப்படிக் கிளம்புவது என்று அம்மா அப்பாவைத் திட்டியதாம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ரஞ்சிதம் பெத்தேலைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். மூன்று நாள் மில்லைப் புருஷனிடம் விட்டுவிட்டு, ஒரு முறம் நிறைய மொச்சையோடு ஒன்றாம் வகுப்பு வாசலில் உட்கார்ந்து உரித்தாள். பாஞ்சாலை டீச்சர் தடுக்கவில்லை. ஒழிந்த நேரத்தில் தானும் இரண்டு காய் உரித்தாள். யாராவது பெத்தேலின் முடியில் கைவைத்தால் ரஞ்சிதம் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அது போதுமானதாக இருந்தது. நான்காவது நாள் பெத்தேல், நீங்க வரவேணாம், மொச்சை தீந்துபோச்சு என்று சொல்லிவிட்டுத் தானே போனாள்.

தோசை சுட வீட்டுக் கல் போதவில்லை. அவர்களுடைய தோசை முறம் அகலம். ஹனீஃபா பாய் பழைய பரோட்டாக் கல்லைக் கொடுத்தார். அதில் முட்டையும் கறியும் எத்தனை வருஷமோ வெந்திருந்தது. நோன்பு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்ததால், ரஞ்சிதம் அதை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, காயவைத்துச் சுட்டு, மறுபடி தேய்த்தாள். மூன்றாம் தடவை தேய்க்கும்போது சேனாம்மா வந்து அவள் கையிலிருந்த நாரைப் பிடுங்கிக்கொண்டு, "போதும் அக்கா" என்றாள்.

முதல் தோசை கல்லோடு ஒட்டி நார்நாராகியது. இரண்டாவது ஓரம் கருகியது. மூன்றாவதை ஊற்றி மூடி போட்டுத் திறந்தபோது, ஆப்பம் போல மேலெல்லாம் கண் கண்ணாகத் துளை விழுந்து, பழுப்பு நிறத்தில் மெத்தென்று வெந்திருந்தது. சேனாம்மா அதை இரண்டு கையிலும் ஏந்தி முகர்ந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, ரஞ்சிதத்தின் தோளில் மூன்று முறை தோள் முட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ரஞ்சிதத்துக்குத் தெரியவில்லை. இவளும் திரும்ப முட்டினாள்.

மார்கழி இருபத்து மூன்று, ஜனவரி ஏழு. விடியுமுன்னே மாடியில் பாட்டுச் சத்தம் கேட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஃபோனில் தங்கள் ஊர்க் கோயில் பூசையை வைத்துக்கொண்டு கூடவே பாடினார்கள். வெயில் ஏறியதும் நான்கு பேரும் வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு இறங்கினார்கள். யாரெட் நாட்டுக்கோழி அறுத்தார். வெங்காயம் மட்டும் இரண்டு மணி நேரம் வதங்கியது. அந்த மசாலா நெடியில் தெருவே தும்மியது.

மில் வாசலில் பாய் விரித்து, அகலத் தட்டில் தோசைகளைப் பரப்பினார்கள். சேனாம்மா கோழிக் குழம்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு புதுச் சட்டியைக் கொண்டுவந்தாள். ராஜாக்கண்ணு வேண்டாம் என்று கும்பிட்டு எழப்போனார். அவருக்கு மாலை கழற்ற இன்னும் ஒரு வாரம் இருந்தது. சேனாம்மா அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள். இரண்டு நாளாக மகளிடம் கேட்டுப் பழகி வைத்திருந்ததை நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணா, இது பருப்பு. கறி இல்ல. முட்டை இல்ல. சட்டி புதுசு. கரண்டி புதுசு. நானே பாத்துக்கினேன்."

ராஜாக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தார். மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ரஞ்சிதம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளும் விரதக்காரன் வீட்டுக்காரி என்பதால் கறி தொடமாட்டாள், அவளுக்கும் பருப்புத்தான். யாரெட் அறுத்த கோழி தனக்கு ஆகாது என்று ஹனீஃபா பாயும் பருப்புப் பக்கமே நகர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் அவ்வளவு பெரிய கோழியைத் தின்ன அந்த வீட்டு நாலு பேரைத் தவிர ஆளில்லை. நாத்தி இரண்டு காலையும் எடுத்துக்கொண்டான்.

காப்பி வறுத்துக் குடித்து முடிந்தபின் ரஞ்சிதம் துணிந்து கேட்டாள். "சார், எப்பக் கெளம்பறாங்க?"

யாரெட் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து மில்லின் பின்பக்கம் போனாள். ரஞ்சிதமும் பின்னால் போனாள். அங்கே தொழுவத்துக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. சேனாம்மா அதைக் காலால் அளப்பதுபோல நடந்து, திரும்பி மகளிடம் சொன்னாள்.

"அம்மா இங்க டகுசா போடணுமாம். தரீங்களான்னு கேக்குது" என்றாள் பெத்தேல்.

"எட்த்துக்கச் சொல்லு. ஆனா இப்பப் போட்டா வராது. ஆடியிலதான் வெதைப்போம். அதுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குது."

பெத்தேல் சொன்னாள். சேனாம்மா விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு குனிந்து, புடவை போலச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, காலடியில் கிடந்த முதல் கல்லைப் பிடுங்கி வேலியோரம் போட்டாள்.